அக்டோபர் ஒண்ணு வரை செல்லம்!

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட இலைக்கு அடக்க விலை என்ன ஆகியிருக்கும் என்று மனசு கணக்குப் போடும். எனக்கும் அந்த வியாதி இருக்கிறது. எந்தத் தொழிலைப் பற்றிப் படித்தாலும் முதலில் எழும் கேள்வி, 'இவன் சரக்கிருப்பை எப்படி எண்ணுவான்?' என்பதுதான்.

அரிசி மண்டிக்காரர் மூட்டையை எண்ணுவார். ஜவுளிக்கடைக்காரர் பீஸை எண்ணுவார். மார்ச் 31-ம் தேதி ஆடிட்டர் வந்தால், சரக்கு வைத்த இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

இங்கிலாந்தில் ஒரு தொழில் இருக்கிறது. அதில் சரக்குக்கு இரண்டு கால், இரண்டு இறக்கை. பக்கத்து நிலத்துக்கு நடந்து போய்விட்டால் அது உங்கள் சரக்கே இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் சுட்டுச் சாப்பிடலாம், நீங்கள் வாயைத் திறக்க முடியாது. 'கடன் வசூல் ஆகலை' என்று நம்மூர் வியாபாரிகள் புலம்புகிறார்களே, அவர்களெல்லாம் ஒரு வாரம் ஃபெசன்ட் வளர்த்துப் பார்க்க வேண்டும்!

ஃபெசன்ட் என்றால்? மயிலுக்கும் கோழிக்கும் ஒன்று விட்ட உறவு. மூன்றும் ஒரே குடும்பம். சேவலுக்குச் செம்பு நிற உடம்பு, பளபளவென்று பச்சைக் கழுத்து, கண்ணைச் சுற்றிச் சிவப்பு, நீண்ட வால். பெட்டை பாவம், காய்ந்த சருகு நிறம். பூர்வீகம் ஆசியா. கருங்கடல் ஓரம், இன்றைய ஜார்ஜியா நாட்டில் ஓடும் ஆற்றுக்குப் பழைய கிரேக்கர்கள் வைத்த பெயர் ஃபாஸிஸ். அந்த ஆற்றங்கரைப் பறவை என்பதால் ஃபெசன்ட். இங்கிலாந்துக்கு அது எப்போதோ வந்து குடியேறிய வெளியூர்க்காரர்.

நமக்கும் இந்தப் பறவைக்கும் ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. நம்மூர் செம்போத்து இருக்கிறதே, அதற்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'க்ரோ ஃபெசன்ட்'. காக்கா-ஃபெசன்ட்! உண்மையில் செம்போத்து குயில் ஜாதி. கப்பலிலிருந்து புதிதாக இறங்கிய துரைகள் ஊர் ஞாபகத்தில் அதைச் சுட்டு, சமைத்து, வாயில் வைத்துவிட்டு முகம் சுளித்தார்களாம். பழைய ஆசாமிகள் அதற்கு 'கத்துக்குட்டியின் ஃபெசன்ட்' என்ற அர்த்தத்தில் ஒரு பட்டப்பெயரே வைத்துச் சிரித்தார்கள்.

சரி, தொழிலுக்கு வருவோம்.

இங்கிலாந்தில் ஃபெசன்ட் சுட அனுமதி அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. அதிலும் ஞாயிற்றுக்கிழமை கூடாது, கிறிஸ்துமஸ் அன்று கூடாது. 1831-ம் வருஷத்துச் சட்டம். வாரத்தில் ஒரு நாள் லீவு சுடுகிறவர்களுக்கு மட்டுமல்ல, சுடப்படுகிறவர்களுக்கும் உண்டு!

காட்டில் தானாகப் பெருகும் பறவைகள் இந்த விளையாட்டுக்குப் போதாது. அதனால் வளர்த்து விடுகிறார்கள். வருஷத்துக்கு எத்தனை என்பதில் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. மூன்று கோடி என்பாரும் உண்டு, ஐந்து கோடியை நெருங்குகிறது என்பாரும் உண்டு. பிரிட்டனின் மனிதர் தொகையே ஏழு கோடிக்குள்தான் என்பதை நினைத்துக் கொள்ளுங்கள்.

வசந்த காலத்தில் முட்டை. இன்குபேட்டரில் சுமார் 24 நாளில் குஞ்சு. விளக்குச் சூட்டில் சில வாரம். ஆறேழு வாரம் ஆனதும், அதாவது ஜூலை, ஆகஸ்ட்டில், லாரியில் ஏற்றிக் காட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். இங்கே கதாநாயகர் நுழைகிறார். கேம்கீப்பர். எஸ்டேட் முதலாளியிடம் சம்பளம் வாங்கும் பறவைக் காவலர். அவருடைய வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அக்டோபர் வரைக்கும் பிள்ளைகள் ஓடிப் போகாமல் பார்த்துக்கொள்வது.

'இதென்ன பெரிய வேலை? கூண்டில் அடைத்து வைத்தால் போச்சு' என்பீர்கள். அங்கேதான் சிக்கல். கூண்டிலேயே வளர்ந்த பறவை பறக்காது. கோழி மாதிரி காலடியில் வந்து நிற்கும். உயரப் பறக்காத ஃபெசன்டைச் சுட்டால் மரியாதை இல்லை. ஆக, பறக்கக் கற்றுக்கொள்ளவும் வேண்டும், பறந்து போய்விடவும் கூடாது. வயசுப் பிள்ளையை வெளியூர் காலேஜில் சேர்த்த எல்லா அப்பாவுக்கும் தெரிந்த பிரச்னைதான்.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த உபாயம், காட்டுக்குள்ளேயே ஒரு பெரிய பட்டி. மரங்களையும் புதர்களையும் உள்ளே விட்டு, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் கம்பி வலை. கூரை கிடையாது. ஒரு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, ஆயிரம் பறவைக்கு மேல் விடாதீர்கள் என்பது நிபுணர்கள் சொல்லும் அளவு. உள்ளே விடும்போது ஒரு பக்க இறக்கையில் மட்டும் பறக்கும் சிறகுகளை நறுக்கி விடுகிறார்கள். வலிக்காது, நமக்கு நகம் வெட்டுவது போல. இரண்டு பக்கமும் நறுக்கினால் தட்டுத் தடுமாறிச் சமமாக எழும்பிவிடும். ஒரு பக்கம் மட்டும் என்றால் வண்டி சாய்ந்துவிடும்! சில வாரங்களில் புதுச் சிறகு முளைத்து, ஒவ்வொன்றாக வேலியைத் தாண்டும்.

தாண்டட்டும். அதுதான் திட்டமே. சாயங்காலம் வீடு திரும்ப வேண்டுமே? ஃபெசன்ட் திரும்பி வரும்போது பறந்து வராது. வேலியை ஒட்டி நடந்தே வரும். 'உள்ளே எப்படிப் போவது?' என்று பரிதாபமாக வலையோடு வலையாக உரசிக்கொண்டு உலாத்தும். அதற்காக வேலியில் அங்கங்கே புனல் மாதிரி வாசல் வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து நுழைவது சுலபம், உள்ளிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம். வாசலில் மூன்று மூன்றரை அங்குல இடைவெளியில் கம்பிகள். ஃபெசன்ட் நுழையும், நரி நுழையாது. நரிக்காக வெளியே தனியாக மின்சார வேலியும் உண்டு.

ஆகஸ்ட் மாதம் முழுக்கக் கீப்பருக்குத் தூக்கம் கிடையாது. குஞ்சுகள் தரையிலேயே உட்கார்ந்து தூங்கினால் நரிக்குத் தீபாவளி. ராத்திரியில் மரத்தில் ஏறி உட்காரும் பழக்கம் வரும்வரை அவர் வயிற்றில் நெருப்பு.

வேலி தாண்டியாச்சு. இப்போது முழு ஆட்டம் ஆரம்பம்.

ஃபெசன்ட் ஏன் ஓடுகிறது? கோபத்தில் அல்ல, திட்டம் போட்டும் அல்ல. காலையில் எழுந்து வெயில் பட்ட இடத்தைத் தேடி நடக்கிறது. நடக்கிற வழியில் ஒரு பூச்சி. அதற்கடுத்து ஒரு விதை. அதற்கடுத்து அறுவடை முடிந்த கோதுமை வயல், தரையெல்லாம் சிந்திய மணி. செப்டம்பரில் வேலியோரம் பிளாக்பெர்ரி பழுக்கிறது. அப்புறம் ஓக் மரங்கள் கொட்டையை உதிர்க்கின்றன. ஒவ்வொரு வாய்க்கும் பத்தடி. சாயங்காலம் நிமிர்ந்து பார்த்தால் பக்கத்து எஸ்டேட். பேப்பர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய், தெரிந்தவரைப் பார்த்து, டீ குடித்து, மத்தியானம் வீடு திரும்பும் ரிட்டயர்டு மாமாக்கள் ஓடிப் போவதாகவா நினைக்கிறார்கள்? அது மாதிரிதான்.

இதற்குக் கீப்பர் வைத்திருக்கும் முதல் ஆயுதம் விசில். தீனி போடும்போதெல்லாம் ஒரே மாதிரி விசில் அடிப்பார். தினமும் அதே நேரம், அதே பாதை, அதே விசில், அதே ஆள். கோழிக்குத் தீனி போடும்போது 'பா... பா... பா...' என்று கூப்பிடுவது போல. சில நாளில் விசில் கேட்டால் ஆயிரம் பறவை ஓடி வரும்.

தீனியைக் குவித்துக் கொட்டமாட்டார். கொட்டினால் ஐந்து நிமிஷத்தில் தின்று முடித்து, மிச்ச நாள் முழுக்க ஊர் சுற்றப் போய்விடும். வைக்கோலைப் பரப்பி அதற்குள் கோதுமையைத் தூவி விடுவார். கிளறிக் கிளறித் தின்ன வேண்டும். நாள் கழிந்துவிடும். சும்மா இருக்கிறவன்தான் ஊர் சுற்றுவான் என்ற தத்துவத்தைப் பறவைக்கும் பொருத்தியிருக்கிறார்கள். சிலர் தானியத்தில் சோம்பு மாதிரி வாசம் வீசும் அனிசீட் எண்ணெயையும் பிசிறி விடுகிறார்கள். நல்ல ஓட்டலுக்கு மூக்கே வழிகாட்டும் அல்லவா?

இரண்டாவது ஆயுதம் பயிர். எஸ்டேட்டின் நடுப்பகுதியில் மக்காச்சோளம், சோளம், முட்டைக்கோஸ் குடும்பத்துக் கீரைகள் என்று விதைத்து விடுகிறார்கள். அறுவடைக்கு அல்ல. பறவை ஒளிந்து கொள்ள, குளிர்காற்றுக்கு ஒதுங்க, கொறிக்க. குடிக்கத் தண்ணீரும் பக்கத்திலேயே. எல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடைத்தால் வெளியே என்ன வேலை?

மூன்றாவது ஆயுதம் நாய். ஸ்பானியல், லாப்ரடார். விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் எஸ்டேட்டின் எல்லையோரமாக நாயோடு நடக்க வேண்டும். எல்லையைத் தொட்டுவிட்ட பறவைகளை நாய் மெதுவாகக் கிளப்பி வீட்டுப் பக்கம் திருப்பும். கடிக்கக் கூடாது, அளவுக்கு மீறி மிரட்டவும் கூடாது. மிரண்டால் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. மழை, பனி, காய்ச்சல், எதுவும் கணக்கில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தினமும் இதே நடை. ஒரு நாள் விட்டால் அன்றைக்குப் போனது அடுத்த நாளும் போகும். மூன்றாம் நாள் அதுதான் வீடு.

பக்கத்து எஸ்டேட்காரர் என்ன செய்வார்? யோக்கியர் என்றால் எல்லையோரம் தீனி வைக்கமாட்டார். எழுதாத மரியாதை அது. யோக்கியர் அல்லாதவர் எல்லைக்கு ஒரு முழம் உள்ளே தள்ளி ஒரு தீனி டப்பா வைப்பார். சட்டப்படி குற்றம் சொல்ல முடியாது. தன் நிலத்தில் தானியம் வைப்பது தப்பா? எதிர்க்கடைக்காரர் காபியோடு முறுக்கு இலவசம் என்று போர்டு வைத்தால் போலீஸுக்கா போக முடியும்?

சட்டம் இந்த விஷயத்தில் படு சுவாரசியம். பட்டிக்குள் இருக்கும்வரை ஃபெசன்ட் உங்கள் சொத்து, எடுத்தால் திருட்டு. சுதந்திரமாகத் திரிய ஆரம்பித்த பின் அது காட்டுப் பறவை. உயிரோடு திரியும் அதற்கு உடைமையாளர் யாருமில்லை. எந்த நிலத்தில் நிற்கிறதோ, அந்த நிலத்தில் வேட்டை உரிமை உள்ளவர் சீஸனில் சுடலாம். முட்டைச் செலவு, தீனிச் செலவு, நாய்ச் செலவு, கீப்பர் சம்பளம் எல்லாம் உங்கள் கணக்கில். பறவை யார் கணக்கிலும் இல்லை. என் அக்கவுண்டன்ஸி வாத்தியார் இதைக் கேட்டிருந்தால் சாக்பீஸைக் கீழே வைத்திருப்பார்.

ரோட்டில் அடிபட்டால்? அங்கே ஓர் ஊர்ப் பேச்சு இருக்கிறது. இடித்த வண்டிக்காரர் எடுக்கக் கூடாதாம். பின்னால் வரும் வண்டிக்காரர் எடுக்கலாமாம். இதை நம்பித்தான் நண்பர்கள் இரண்டு வண்டியில் போகிறார்களோ என்னவோ!

திருட்டு வேட்டைக்கும் அங்கே நீண்ட பாரம்பரியம். ஒரு காலத்தில் திருடனைப் பிடிக்கப் புதருக்குள் கயிறு கட்டி, தடுக்கினால் வெடிக்கும் துப்பாக்கியை வைத்தார்கள். பாவம், சுள்ளி பொறுக்க வந்தவனும் செத்தான். 1827-ல்தான் அதைத் தடை செய்தார்கள். குழந்தைகளுக்காக எழுதிய ரோல்ட் டால் இந்தத் திருட்டை வைத்தே 1975-ல் 'டேனி, த சாம்பியன் ஆஃப் த வேர்ல்ட்' எழுதினார். உலர்ந்த திராட்சைக்குள் தூக்க மருந்தை வைத்து, ஒரே ராத்திரியில் நூற்றுக்கு மேல் ஃபெசன்டை அப்பாவும் பிள்ளையும் பொறுக்கி வருவார்கள். பணக்கார எஸ்டேட் முதலாளிக்கு மறுநாள் பார்ட்டி; சுடப் பறவை இல்லை. படிக்கிற குழந்தைகள் கைதட்டுகின்றன. கீப்பரின் பிள்ளை படித்தால் கைதட்டுமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

இத்தனை பாடுபட்டும் விட்ட பறவைகளில் சுடப்படுவது நூற்றுக்கு முப்பத்தைந்து, நாற்பது. மீதி? நரி, நோய், ரோடு, பக்கத்து எஸ்டேட். லாபமா என்றால், அவர்களே கிண்டலாகச் சொல்லும் ஒரு பழமொழி இருக்கிறது. பறவை எழும்பும்போது ஒரு கினி எழும்புகிறதாம். துப்பாக்கி வெடிக்கையில் ஒன்றரைப் பென்னி போகிறதாம். விழும்போது அரைக் கிரௌன்தான் விழுகிறதாம். ஒரு கினி 21 ஷில்லிங். அரைக் கிரௌன் இரண்டரை ஷில்லிங். போட்ட பணத்தில் எட்டில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை! இன்று நிறைய எஸ்டேட்டுகள் சுட வருகிறவர்களிடம் பறவைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கித்தான் கணக்கைச் சரிக்கட்டுகின்றன. இறைச்சி விற்று வருவது கொசுறு.

கொழுத்த காலமும் இருந்தது. 1913 டிசம்பர் 18. ஹால் பார்ன் எஸ்டேட். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் சில விருந்தாளிகளும் ஒரே நாளில் வீழ்த்தியது 3,937 பறவைகள். மன்னர் பங்கு மட்டும் ஆயிரத்துக்கு மேல். வீடு திரும்புகையில் மகனிடம், இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டோமோ என்று மன்னர் சொன்னாராம். மறு வருஷம் உலக யுத்தம் வந்தது. சுடுவதற்கு வேறு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் வீட்டில் உற்சாகமாகச் சொல்லிக் கொண்டிருந்தபோது என் மனைவி வெங்காயம் நறுக்கிக் கொண்டே கேட்டாள்.

"ஏங்க, விசில் அடிச்சு சோறு போட்டு, நரி கிட்டேருந்து காப்பாத்தி, தினம் வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது எதுக்காம்?"

"அக்டோபர்ல சுடறதுக்கு."

"யாரு, அவரேவா?"

"இல்ல, அவர் பறவையைக் கிளப்பி விடுவார். சுடறது முதலாளியும் விருந்தாளிங்களும்."

"அது அவருக்கு எப்படிங்க மனசு வரும்?"

பி.காமில் இதற்குப் பாடம் இல்லை. ஆனால் கேள்வி நியாயமானது. எப்படிக் கிளப்புகிறார்கள் தெரியுமா? பயிருக்குள் மேய்ந்து கொண்டிருக்கும் பறவைகளைக் கம்பு தட்டிக்கொண்டே ஆட்கள் வரிசையாக வந்து கிளப்புவார்கள். மிரண்ட ஃபெசன்ட் தெரிந்த திசைக்குத்தான் பறக்கும். வீட்டுக்கு. தான் வளர்ந்த காட்டுக்கு. அந்தக் காட்டுக்கும் பயிருக்கும் நடுவே, பள்ளத்தில், துப்பாக்கிக்காரர்கள் காத்திருப்பார்கள். ஆகஸ்ட்டிலிருந்து தினமும் விசிலும் கோதுமையும் கொடுத்து ஊட்டிய வீட்டு ஞாபகம் இருக்கிறதே, அதையே அளந்துதான் துப்பாக்கி நிற்கும் இடத்தைக் கீப்பர் குறிக்கிறார். வேலியை விடப் பழக்கம் பலமானது. அதைக் கட்ட ஆணி வேண்டாம். உள்ளே இருக்கிறவனுக்கு அது வேலி என்றே தெரியாது.

ஆனால் கீப்பரை வில்லனாக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. ஓடிப் போனவையெல்லாம் பிழைத்தவை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லை தாண்டியதில் பெரும்பாலானவற்றுக்குப் பொங்கல் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. நரிக்கு சீஸன் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடையாது. கீப்பர் போடும் தானியத்தில் பனிக்காலத்துச் சிட்டுகளும் வயிறு வளர்க்கின்றன. பறவைக்காக வேலிப் புதர்களும் சிறு காடுகளும் வெட்டப்படாமல் நிற்கின்றன. மறுபக்கம், கோடிக்கணக்கில் வெளிப் பறவையைக் கொண்டுவந்து கொட்டினால் அந்த மண்ணின் செடிக்கும் பூச்சிக்கும் என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போனதன் விளைவாக, முக்கியமான பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளிலும் அவற்றைச் சுற்றி 500 மீட்டருக்குள்ளும் பறவை விட 2021 முதல் இங்கிலாந்தில் உரிமம் வேண்டும். 2022-ல் பிரான்ஸில் பறவைக் காய்ச்சல் வந்து முட்டையும் குஞ்சும் வராமல் போக, பல எஸ்டேட்டுகள் அந்த வருஷம் வேட்டையையே ரத்து செய்தன. கீப்பர்கள் பலர் வேலைக்கு ஆபத்து என்று கவலைப்பட்டார்கள். பறவை பிழைத்தால் ஆளுக்குப் பிழைப்பு போகும்! இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத எந்தப் பேரேட்டிலும் இடமில்லை.

பிப்ரவரி 1 சாயங்காலம் துப்பாக்கிகள் எண்ணெய் போட்டு அலமாரிக்குள் போய்விடும். தப்பிய சேவல்கள் சில, உறைந்த வயலில் வாலை இழுத்துக்கொண்டு நடக்கும். நல்ல கீப்பர் அன்றோடு தீனியை நிறுத்துவதில்லை. காட்டில் தின்ன எதுவும் முளைக்காத மாதங்கள் அவை. விருந்தாளிகள் இல்லை, முதலாளி ஊரில் இல்லை, சுட இன்னும் எட்டு மாசம் இருக்கிறது. ஆனாலும் பிப்ரவரி 2-ம் தேதி காலை அவர் கோதுமை வாளியைத் தூக்கிக்கொண்டு போய் விசில் அடிக்கிறார்.

வந்து நிற்பவற்றை எண்ணுவாரா, மாட்டாரா? நான் அவராக இருந்தால் எண்ணமாட்டேன்.